ஓர் இந்திய வாசகரின் கூற்றுப்படி

லண்டனில் நான் வழக்கமாகப் படிக்கப் போகும் நூலகத்தில் புத்தகத்துக்குத் தலையணை வைக்கிறார்கள். கனமான புத்தகம் கேட்டால் முதலில் ஒரு வெல்வெட் திண்டு வரும். பிறகு புத்தகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து, தூங்கும் குழந்தையைப் போல் அதன்மேல் கிடத்துவார்கள். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. செங்கற்பட்டுக் கடைத்தெருவில், எங்கள் அத்தாவின் கருவாட்டு மூட்டைகளுக்கும் வண்டிக்காரர் கூச்சலுக்கும் நடுவே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவன் நான். புத்தகத்துக்கு இத்தனை மரியாதையா என்று மகிழ்ந்துதான் போனேன். படிக்க வந்த ஆளுக்கும் அதில் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது பிறகுதான்.

முதல் நாள் மேசைக்குப் பின்னால் இருந்தவர் மிஸ் கார்வர். வெள்ளைத் தலை, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக்கண்ணாடி. ஃப்ளெமிஷ் ஓவியர்களைப் பற்றிய அகராதிகள் வேண்டும் என்றேன். ஃப்ளாண்டர்ஸ் என்பது இன்றைய பெல்ஜியம் பக்கத்துச் சீமை. அந்த நாட்டு ஓவியங்களைப் படிக்கத்தான் எனக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். குரலில் இரக்கம் வந்துவிட்டது.

"பஞ்ச அறிக்கைகள் இங்கே இல்லையே. இந்தியா சம்பந்தப்பட்டதெல்லாம் அடுத்த தெருக் கட்டடத்தில் இருக்கிறது. வழி காட்டட்டுமா?"

நான் 'ஃப்ளெமிஷ்' என்றது அவர் காதில் 'ஃபேமின்' என்று விழுந்திருக்கிறது. பஞ்சம்! தாளில் எழுதிக் காட்டினேன். "ஓ, மன்னியுங்கள்" என்று சிரித்தார். என் உச்சரிப்பு மோசம் என்றே வைத்துக்கொள்வோம். அதே மேசையில் போலந்துக்காரர் ஒருவர் என்னைவிடக் கோணலாக ஆங்கிலம் பேசி, கேட்ட புத்தகத்தை வாங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அவர் வாயிலிருந்து வந்த எந்தச் சொல்லும் பஞ்சமாக மாறவில்லை. மிஸ் கார்வரின் காது என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தது.

கருவாட்டுக் கடைக்காரர் மகனுக்கு ஃப்ளாண்டர்ஸ் எப்படித் தெரிந்தது என்று ஊரில் பலர் கேட்டதுண்டு. சென்னையில் கல்லூரியில் படித்தபோது, நூலகத்தின் பூட்டிய கண்ணாடி அலமாரியில் மேல்நாட்டு ஓவியத் தொகுதிகள் கொஞ்சம் இருந்தன. சனிக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள். அம்மணப் படங்களை யாரும் கிழித்துவிடக் கூடாதென்று நூலகர் பக்கத்திலேயே நிற்பார். நான் அந்தப் படங்களைத் தாண்டிப் புரட்டியபோது ஒரு மீன்கடை வந்தது. கடவுள் இல்லை, அரசன் இல்லை. ஒரு பலகை நிறைய மீன். செதில்மேல் ஈரம், வெட்டிய துண்டத்தில் சிவப்பு, பின்னால் இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு மீன்காரி. கோவளத்தில் கட்டுமரம் ஒதுங்கும்போது அத்தாவோடு போய் நின்ற கரையில் அவளைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களை ஒருவன் இவ்வளவு நேரம் செலவழித்துப் பார்ப்பான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. யார் இவன், ஏன் வரைந்தான், யார் வாங்கி மாட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கப்பலேறப் போகிறேன் என்றதும் அத்தா தராசுத் தட்டைக் கீழே வைத்தார்.

"மீன் படம் பாக்கவாடா கப்பல் ஏறிப் போற? இங்க இல்லாத மீனா அங்க கீது?"

"மீனு இங்கயும் கீது அத்தா. படம் அங்கதான் கீது."

"இன்னாவோ பண்ணு. கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

அந்த நூலகத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே ஜெர்மன் மொழியில் ஓவியர் அகராதி ஒன்று ஒரு சுவர் நீளத்துக்கு நிற்கிறது. அதற்காகவே ஜெர்மன் கற்றேன். எந்தப் படம் எந்த ஏலத்தில் யார் கைக்குப் போனது என்று சொல்லும் பட்டியல்கள் உண்டு. ஓவியர் வாரியாக அடுக்கிய புகைப்படப் பெட்டிகள் உண்டு. ஒரு பெட்டியைத் திறந்தால் ஒரே கை வரைந்த மீன்கடைகள் பத்துப் பன்னிரண்டை மேசைமேல் பரப்பி ஒப்பிடலாம். மதுக்கடைப் பெயர்ப்பலகை ஒன்றை மட்டும் வரைந்து செத்துப்போனவனுக்கும் அந்த அகராதியில் நாலு வரி உண்டு. பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோயில் எல்லாம் உண்டு. மனிதர் உழைப்பை இப்படிப் பத்திரப்படுத்துகிறார்களே என்று கண் கலங்கியிருக்கிறேன். கலங்கிய கண்ணோடுதான் அந்த உலகக் கலைக் கையேட்டையும் திறந்தேன்.

எல்லா மாணவரும் முதலில் எடுக்கும் தடித்த கையேடு அது. கடைசிப் பகுதியில் "பிற நாடுகள்" என்ற தலைப்பின் கீழ் நம் மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பம் தீப்பெட்டி அளவில் இருந்தது. அதிலும் யானைகள் இடப்பக்கம் நின்றன. பாறையைப் பார்த்து நின்றால் யானைகள் வலப்பக்கம் என்பது கல்பாக்கம் வண்டியில் வந்து இறங்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருந்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு அப்படியே வந்திருக்கிறது.

மிஸ் கார்வரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என்னிடமிருந்த தபாலட்டைப் படத்தையும் பக்கத்தில் வைத்தேன்.

"தபாலட்டையை ஆதாரமாகக் கொள்ள முடியாதே. இதை எழுதியவர் பெரிய நிபுணர்" என்றார்.

"அம்மா, நான் அந்தப் பாறைக்கு முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன்."

அவர் குழம்பிப் போனார். "நீங்கள் ஃப்ளெமிஷ் மாணவர் என்றல்லவா நினைத்தேன்?"

அதே கையேட்டில் ஒரு ஃப்ளெமிஷ் படமும் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: "படம் இடவலம் மாறியுள்ளது." அவ்வளவுதான். அதேபோல் இங்கும் ஒன்று ஒட்டுங்கள் என்றேன். யோசிக்கிறோம் என்றார்கள். மறுபடி கேட்டேன். எழுதியும் கொடுத்தேன். பனிக்காலம் முடிந்து மரங்கள் தளிர்விட்ட பிறகு ஒருநாள் மிஸ் கார்வர் முகமெல்லாம் மலர்ச்சியாக என்னைக் கூப்பிட்டார். சீட்டு ஒட்டியாயிற்று. தட்டச்சில் அழகாக இருந்தது: "ஓர் இந்திய வாசகரின் கூற்றுப்படி, இப்படம் இடவலம் மாறியுள்ளது."

எனக்குக் காது சுட்டது. "'கூற்றுப்படி' எதற்கு? அந்த இன்னொரு சீட்டில் யாருடைய கூற்றும் இல்லையே?"

"உங்களுக்குரிய பெருமையைக் கொடுத்திருக்கிறோமே!" என்றார் அவர். உண்மையாகவே மனம் நொந்துபோனார். அதுதான் கொடுமை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர்கள் படம் மாறினால் அது உண்மை. நம் படம் மாறினால் ஓர் இந்தியன் அப்படிச் சொல்கிறான்.

இந்தச் சேதி என் பேராசிரியர் காதுக்கும் போயிற்று. தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். "இப்போது புரிகிறதா, உங்களுக்குரிய பொருள் எதுவென்று? மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையை இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் சொல்கிறேன். மீன்கடைகளைப் பற்றி எழுத இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்."

"நான் பிழையைத்தான் காட்டினேன் ஐயா. வேறு பொருள் கேட்கவில்லை."

"உங்கள் சொந்த மண்ணில் உங்களுக்கு அக்கறை இல்லையா?"

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், ஃப்ளாண்டர்ஸுக்கு அண்டை நாட்டுக்காரர்களான ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். உள்ளே அவர்களுடைய கல்லறைகள். கப்பலும் கேடயமும் செதுக்கிய கற்கள். துணி வாங்க வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், எங்கள் மண்ணிலேயே படுத்துக்கொண்டார்கள். உனக்கு இங்கே என்ன அக்கறை என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய அண்டை வீட்டு மீன் பலகையை நான் பார்ப்பதற்கு மட்டும் ஏன் காரணம் சொல்ல வேண்டும்? பேராசிரியர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். உதவித்தொகை நீளவில்லை. வங்காளத்துச் சில்ஹெட்காரர் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் மாலைகளில் தட்டுக் கழுவினேன். பகலில் மீன்கடைகளைப் படித்தேன்.

அந்த ஆண்டு தங்கை ஜமீலாவின் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் காஞ்சிபுரம். அத்தா கப்பல் சீட்டு அனுப்பினார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஐரோப்பிய ஓவியர் அகராதியை, இரண்டு தடித்த பாகங்கள், பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். செங்கற்பட்டு வாசகசாலைக்குக் கொடுப்பது என் எண்ணம். என்னைப் போல ஒருவன் அங்கே இருக்கலாம். அவனுக்குச் சனிக்கிழமையும் பூட்டும் வேண்டாம்.

வாசகசாலைச் செயலாளர் ஒரு வக்கீல். முதல் பாகத்தை எங்கோ திறந்தார். திறந்த இடத்தில் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள். பட்டென்று மூடினார்.

"தம்பி, பொம்பளைங்க வந்து போற எடம் இது."

"மாபலிபுரத்துலயும் துணி இல்லாத சிலைங்க இருக்குதுங்களே."

"அது சாமிங்க. அதுவும் இதுவும் ஒண்ணா? வெள்ளக்காரன் போயே இத்தினி வருசம் ஆச்சு. அவன் படத்தைத் தூக்கிகினு வர்றியே, நம்ம மாபலிபுரத்தைப் பத்தி ஒரு புக்கு கொண்டாரக் கூடாதா?"

ஏழு கடல் தாண்டியும் அதே கேள்வி! அங்கே தேநீரோடு கேட்டார்கள், இங்கே நன்னாரி சர்பத்தோடு. இரு கரையிலும் எனக்கென்று ஒரே ஒரு அலமாரியைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். அத்தாவிடம் கத்தினேன், அவர் என்ன செய்வார் பாவம்.

கல்யாணச் சந்தடியில் நான் பெட்டி கட்டும்போது ஜமீலா வந்து நின்றாள். பள்ளி இறுதி வரை படித்தவள். நான் வந்த நாளிலிருந்து அந்தப் பாகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதல் பாகத்தை என் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கல்யாணப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"இது எனக்கு வேணும்ணே."

"ஒண்ணு இல்லாம இன்னொண்ணு ஒதவாது, ஜமீலா."

"ரெண்டையும் நீ எடுத்துகினு பூட்டா, நீ இன்னா படிக்கிறேன்னு நம்ம வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது? காட்டறதுக்காவது ஒண்ணு வேணுமில்ல?"

அத்தா கேட்ட அதே கேள்விதான். இவள் பதிலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பி வந்து ஆய்வை முடித்தேன். ஏற்றுக்கொண்டார்கள். மாலை வகுப்புகளில் இந்த ஊர்த் தொழிலாளர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுள் ஓரிருவர் முதல் நாளில் என்னைப் பார்த்து, வகுப்பு மாறி வந்துவிட்டோமோ என்று எழுந்திருப்பதும் உண்டு. உட்காரச் சொல்கிறேன்; உட்கார்கிறார்கள். என் அறை அலமாரியில் ஐரோப்பிய ஓவியர் அகராதி 'எல்' எழுத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஓவியர்கள் அத்தனை பேரும் காஞ்சிபுரத்தில், ஒரு கல்யாணப் பெட்டியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறார்கள்.