பல்வலிக்கு ஒட்டிய பொட்டு

போன வருடம் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தபோது நடந்தது இது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் சேலைக் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு ஆன்டிக்குப் பட்டுச் சேலையை விரித்துக் காட்டிவிட்டு விலை சொல்ல வாயைத் திறந்தேன். பாதிதான் திறந்தது. வலது காதுக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்களுடையதோ வாயை வைத்துப் பிழைக்கிற வேலை. அன்று முழுக்கப் பாதி சைகையில்தான் வியாபாரம் செய்தேன். "என்னாக்கா, மௌன விரதமா?" என்று கடைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

வலி ஒன்றும் புதிதில்லை. மாதக் கணக்காகவே வலது கடைவாய்ப் பல் படுத்திக்கொண்டிருந்தது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வரும். வாய்க்குள் ஒரு புண் ஆறினால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சோற்றையே ஒதுக்கிவிடுவேன். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு நாளை ஓட்டினேன். பல்லைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, பல் துலக்கிவிட்டு, பசியாற வைத்து, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பேன். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிள்ளான் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். சாயந்திரம் திரும்பி வந்ததும் மறுபடி அதே வேலைகள். அவருக்கு இரண்டு வேளையும் பல் துலக்கிவிடும் நான், என் பல்லைத் துலக்காமலே படுத்துவிட்ட நாட்கள் நிறைய. அந்தக் களைப்பு தூங்கினாலும் போகாது. எழும்போதே தாடை வலியோடுதான் எழுவேன்.

வாய் திறக்காமல் போன மறுநாள் லீவு போட்டுவிட்டு, கிள்ளானில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் எனக்கு மகள் வயதில் ஒரு தமிழ்ப் பெண்.

"டாக்டர், இந்தப் பல்லப் பிடுங்கிடுங்க. திரும்பத் திரும்ப வந்துகிட்டு இருக்க எனக்கு நேரம் இல்ல" என்றேன்.

அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "பல்லுல சொத்தை இல்ல ஆன்டி. ஆனா எல்லாப் பல்லும் தேஞ்சு தட்டையாப் போச்சு. நீங்க பல்லக் கடிக்கிறீங்க. தூக்கத்துலயும் கடிக்கிறீங்க, முழிச்சிருக்கும்போதும் கடிக்கிறீங்க. இதப் பிடுங்கினா அடுத்தது பக்கத்துப் பல்லு வலிக்கும். அப்புறம் எத்தனை பல்லத்தான் பிடுங்குறது?"

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன சின்னப் பிள்ளையா, பல்லைக் கடிக்க? டாக்டர் இரண்டு விரல்களை என் தாடை மேல் வைத்தபடி, "வீட்டுல ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா ஆன்டி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இப்ப இதச் சொன்னீங்க இல்ல, அப்பவே இங்க இறுகுது. நீங்களே தொட்டுப் பாருங்க" என்று என் கையை எடுத்து அங்கே வைத்தார். கல்லு மாதிரி இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடியே அழுதுவிட்டேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை.

மனசு இப்படியே இறுகிக் கிடந்தால் வாய் வறண்டு போகும், புண் வரும், ஈறும் சீக்கிரம் ஆறாது என்று விளக்கினார். தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்ய அளவு எடுத்தார். பகலுக்கு ஒரு சின்ன வைத்தியம் சொன்னார். அடிக்கடி கண் படும் இடங்களில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவனித்து, தாடையைத் தளர்த்திவிட வேண்டும். உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் தொடக் கூடாது.

வேறு ஸ்டிக்கருக்கு எங்கே போவேன்? வீட்டில் இருந்தது ஸ்டிக்கர் பொட்டுதான். சோற்றுப் பானை மூடி, வாசல் கேட்டின் பூட்டு, டிவி ரிமோட், சக்கர நாற்காலியின் கைப்பிடி என்று கண்ட இடத்திலெல்லாம் அரக்குப் பொட்டு ஒட்டினேன். வீட்டுக்கே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று நான் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூரில் இருக்கும் என் தங்கையிடம் போனில் பொட்டுக் கதையைச் சொன்னேன். "எல்லா எடத்துலயும் ஒட்டியாச்சு லா. ஆனா இவரத் தூக்குறப்பதான் ரொம்பக் கடிக்கிறேன். அப்ப எந்தப் பொட்டப் பாக்குறது?" என்றேன். உண்மை அதுதான். தூக்கும்போது அவருடைய பாரம் மட்டுமா? எனக்கு ஏன் இப்படி என்ற எரிச்சலும் சேர்ந்துதான் வரும். அவர் அதே அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பதில் சொல்லாத மனிதர் என்பதால் எனக்கே அது மறந்து போயிருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல அவரைத் தூக்கக் குனிந்தேன். அவருடைய இடது புருவத்துக்கு மேலே கோணலாக ஓர் அரக்குப் பொட்டு ஒட்டியிருந்தது. ரிமோட்டில் இருந்தது எப்படியோ ஒட்டிக்கொண்டது போல என்று நினைத்து, எடுத்துவிடக் கையை நீட்டினேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு ஒரு விரலால் தன் பொட்டைத் தொட்டார். அதே விரலை மெதுவாகக் கொண்டுவந்து என் தாடையில் வைத்தார்.

அந்த நேரத்திலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். தாடையைத் தளர்த்தினேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். லோரி ஓட்டிய மனிதருக்கு நெற்றியில் பொம்பளைப் பொட்டு! சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் வந்த அழுகை லேசில் நிற்கவில்லை. அவரும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். அது அவருடைய சிரிப்பு, எனக்குத் தெரியும். அன்று ரயிலை விட்டுவிட்டேன். கடையில் ஏச்சு கிடைத்தது.

அந்தப் பல் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. களைப்பும் இருக்கிறது, அது எங்கும் போய்விடவில்லை. ஆனால் பொட்டு அட்டை இப்போது அவருடைய தலைமாட்டில் இருக்கிறது. நான் வருவதற்குள் எப்படியோ ஒன்றை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டுவிடுகிறார். "என்னா, ஐயா பொட்டெல்லாம் வச்சிருக்காரு?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டார். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள லா ஆன்டி" என்று மட்டும் சொன்னேன்.

நான் களைத்துப் போயிருப்பது அவருக்குத் தெரியாது என்றே அத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்; தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்த மனிதருக்கு எனக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டதே என்று, அந்தக் கோணல் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் மனசு நிறைந்துவிடுகிறது.