யாரும் வாங்க வராத போட்டோ

பழைய ஸ்டூடியோவின் தகரப் பெட்டிகள் வந்து இறங்கிய ஆனி மாதத்திலிருந்து சண்முகசுந்தரியின் மேல் வினிகர் வாடை அடித்தது. தலைக்குக் குளித்தும் போகவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கேட்டே விட்டாள்.

"ஊறுகா கம்பெனியிலயா வேல பாக்கிய?"

சுந்தரி சிரித்து வைத்தாள். பிளாஸ்டிக் சாகிற வாடை என்று சொன்னால் அந்தப் பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருப்பாள்.

சுந்தரி கடையத்துக்காரி. வேதியியல் படித்துவிட்டுச் சில வருடம் பைப் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். பிறகு குற்றாலத்தில் ஒரு அறக்கட்டளை, பழைய பங்களாவில் அந்தக் காலத்து வீட்டுச் சாமான்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தபோது, பிளாஸ்டிக் பொருட்களைக் காப்பாற்றும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். செல்லுலாய்டு சீப்பில் கற்பூரம் மணக்கும். பேக்கலைட் ரேடியோவைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் ஆஸ்பத்திரி நெடி எழும்பும். மெத்தென்ற பொம்மைகள் வேர்த்துப் பிசுபிசுக்கும். எது எந்த ரகம் என்று கண்டுபிடித்து, ஒன்றின் கேடு மற்றதைத் தொற்றாமல் பிரித்து வைக்க வேண்டும்.

"பிளாஸ்டிக்குக்கு அழிவே கெடையாதுங்காவ. எம் மேசைக்கு வந்து பாக்கச் சொல்லணும்" என்பாள் கணவன் பாண்டிராஜிடம்.

தகரப் பெட்டிகளைக் கொடுத்தவர் லிங்கேஸ்வரன். அவருடைய அப்பா அருவிக்குப் போகும் வழியில் ஸ்டூடியோ வைத்து, சீசனுக்கு வருகிறவர்களைப் படம் பிடித்தவர். முதல் பெட்டியைத் திறந்ததுமே சுந்தரிக்குக் கண் எரிந்து நீர் கொட்டியது. அமிலம் ஏறினால் மஞ்சளாக மாறும் நீலச் சோதனைத் தாளை உள்ளே வைத்து மூடினாள். மறுநாள் தாளில் நீலமே இல்லை. அத்தனையும், சிதையும்போது வினிகர் அமிலம் கக்கும் அசிடேட் பிலிம். அடியில் இருந்த பிளாஸ்டிக் சுருங்க, மேலே படம் பதிந்த மெல்லிய ஏடு சுருங்க இடமில்லாமல் வாய்க்கால் வாய்க்காலாக மடிந்திருந்தது. வெளிச்சப் பலகையில் வைத்தால், ஈரத் துண்டோடு சிரித்துக்கொண்டிருந்த இளவட்டங்களின் முகமெல்லாம் சுருக்கம்.

நாள் முழுக்க அந்த முகங்களோடேயே இருந்தாள். போகப் போக, அறைக்குள் யாரோ நனைந்த உடம்போடு வந்து நிற்பதுபோல முதுகு குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் சாரல்.

ஆடியில் வள்ளித்தாய் வந்தாள். புளியங்குடி கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரிக்கிறவள். அறுபதைத் தாண்டியும் நெற்றியில் குங்குமம். லிங்கேஸ்வரன்தான் அனுப்பியிருந்தார்.

"எங்க வீட்டுக்காரவிய பேரு நம்பிராஜன். எம்பத்தி நாலுல சேக்காளியளோட அருவிக்கு வந்தாவ. திடீர்னு வெள்ளம். மத்தவங்க தப்பிச்சிட்டாங்க, இவியள மட்டும் காங்கல. உடம்பும் கெடைக்கல. செங்கோட்டையத் தாண்டி மலையாளத்துக்கு ஓடிட்டாம்னு கூட ஊர்ல பேசினாவ."

"இங்கன என்னம்மா தேடுதிய?"

"குளிக்கதுக்கு முன்னால நாலு பேரும் ஸ்டூடியோவுல போட்டோ பிடிச்சாங்களாம். அந்த நேரத்துல யாரு போயி அத வாங்குவா? எங்கிட்ட அவிய படம் ஒண்ணுகூட இல்ல தாயி. மொகம் மறந்துபோச்சு."

பெட்டியில் அந்த வருடம் எழுதியிருந்த பிலிம் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நாலு ஆண்கள் நிற்கும் படங்கள் பல இருந்தன. சுந்தரி ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றி, நெகட்டிவின் கறுப்பு வெள்ளையை மாற்றித் திரையில் காட்டினாள். ஒரு படம் வந்ததும் வள்ளித்தாயின் கை சுந்தரியின் தோளை இறுகப் பிடித்தது.

"ஓரத்துல நிக்காவளே, அவியதான். மூட்ட தூக்கித் தூக்கி எடது தோளு சரிஞ்சிருக்கும்."

தோள் சரிந்துதான் இருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சுருக்கம். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. கன்னம் குழிந்திருந்தது. வள்ளித்தாய் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"எம் வயசாயிட்டாவளே" என்றாள்.

சுந்தரிக்கு மயிர்க்கால் குத்திட்டது. "அது பிலிம் கெட்டுப்போனதும்மா" என்று அவசரமாகச் சொன்னாள். "அடிப் பிளாஸ்டிக்கக் கரைச்சு எடுத்துட்டா மடிப்பு நிமுந்துரும். நெசமான மொகம் வரும். ஆனா ஏடு கிழிஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. செய்யட்டுமா?"

வள்ளித்தாய் திரையில் அந்த முகத்தைத் தொட்டாள். "இப்ப தெரியித மொகத்த மொதல்ல ஒரு காயிதத்துல எடுத்துக் குடுத்துருங்க. பொறவு செய்யுங்க" என்றாள்.

அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, மறு வாரம் சுந்தரி வேலையைத் தொடங்கினாள். முகமூடி மாட்டி, தட்டில் ஊற்றிய திரவத்தில் பிலிமை மிதக்க விட்டாள். பிளாஸ்டிக் இளகிக் கழன்றது. வெங்காயச் சருகு கனத்தில் ஏடு மட்டும் திரவத்தில் அசைந்தது. ஒரு மூலை கிழியத் தொடங்க, அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கிழிசல் ஆளைத் தொடாமல் நின்றது. பிறகு மடிப்புகள் தாமாகவே விரிந்தன. நெற்றி விரிந்தது, கன்னம் நிரம்பியது. தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருவன் மெல்ல மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டைக் கண்ணாடியில் ஏந்தி எடுத்தாள். படத்தில் இருந்தவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மீசை இன்னும் அடர்த்தியாகவில்லை.

படம் காய்ந்து அச்சானதும் வள்ளித்தாயை வரச் சொன்னாள். அவள் பார்த்தாள். சிரித்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"இது யாரு வீட்டுப் புள்ள? எனக்கு மவன் இருந்தாக்கூட இதவிட மூத்தவனா இருப்பாம்லா."

"இதாம்மா நெசம்."

"நெசந்தான் தாயி. இது இங்கனயே இருக்கட்டும். மொதல்ல குடுத்த படத்த வீட்டுல மாட்டியிருக்கேம்லா, அதுல அவியளுக்கு எங்கூட இருந்து வயசாயிருக்கு. மாலை போடல. காலையில காப்பி ஆத்தையில ஒரு பார்வ பாத்துக்கிடுவேன். அது போதும்."

புளியங்குடி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

நம்பிராஜனின் ஏட்டைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, சுந்தரி குளிர்பெட்டியில் சேர்த்தாள். அதற்குப் பிறகு எந்தப் பிலிமையும் அவள் எடுத்த எடுப்பில் நிமிர்த்துவதில்லை. சுருங்கிய முகத்தை முதலில் படம் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்வாள். ஏன் இந்த இரட்டை வேலை என்று அறக்கட்டளையில் கேட்டார்கள்.

"யாராவது தேடி வருவாவ" என்றாள்.

ஒரு பெட்டிதான் முடிந்திருந்தது. அடுத்ததன் மூடியைத் தூக்கினாள். கண் எரிந்தது.