மொட்டையின் காரணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் ஜொகூரில் ஒரு மருத்துவமனையின் மனநோய் வார்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வெள்ளைக்கார டாக்டரின் கேள்வியைத் தமிழில் கேட்பதும், நோயாளியின் பதிலை ஆங்கிலத்தில் சொல்வதும் வேலை. நாள் முழுக்கப் பேசுவேன். அதில் ஒரு வாக்கியமும் என்னுடையதல்ல. பின்கட்டுக் குவார்ட்டர்ஸில் தனியாகத் தங்கியிருந்தேன். பக்கத்து அறை மலாய்க்காரர்கள் மாலையானால் கம்பத்துக்கு, தங்கள் கிராமத்துக்குப் போய்விடுவார்கள்.

என்னைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் ஒரு நோயாளி. சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "சாப்டீங்களா கிராணி?" என்பார், தினமும். நான் கிராணி இல்லை, தோட்டத்துக் குமாஸ்தா இல்லை. சட்டை போட்ட தமிழன் எவனும் அவருக்குக் கிராணிதான்.

மனைவி பிரசவத்தில் இறந்தபின் வேலைக்குப் போகாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு காட்டில் அலைந்தவரைத் தோட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். குழந்தை பிழைத்து, அவர் தங்கையிடம் வளர்ந்தது. அது பிழைக்க வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனுக்குத் தன் முடியை நேர்ந்திருந்தார். அந்த முடியை அந்தக் கோயிலில்தான் இறக்க வேண்டும். வார்டிலோ மாதம் ஒருமுறை எல்லோருக்கும் மொட்டை.

மற்ற நாட்களில் சாதுவான மனிதர், நாவிதர் வரும் நாளில் மட்டும் கடிப்பார், உதைப்பார். ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். "மூர்க்கம் தணியவில்லை" என்பார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அடுத்த மாதமும் நாவிதர் வருவார். வேண்டுதலை டாக்டரிடம் விளக்கினேன். அதுதான் நோய், மதப்பித்து என்றார்.

"ஒருக்கா பேசாம உக்காந்துடுங்களேன்," என்று நாவிதர் வந்த ஒரு நாள் அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்குப் போயிடலாம்."

"போயி? புள்ளைய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்கறது? ஆத்தாளுக்கு நேந்தத இந்த ஆளு கூட்டி அள்ளிக்கிட்டுப் போறான்."

நாவிதர் கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை. "உன் முடிய சிங்கப்பூர்ல கொண்டுபோயி விக்கவா போறேன்? தலைய காட்டுய்யா."

அந்த டாக்டர் ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போனார். பினாங்கிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கிறிஸ்தவத் தமிழர், மனவியலைப் புதிதாகப் படித்தவர். "மதப்பித்தா? அப்படி ஒரு நோயே இப்ப கிடையாது," என்றார். துக்கம் உள்ளே அடங்கிப்போனதுதான் கோளாறு என்று வேறு பெயர் வைத்தார். பெயர் மாறியது. மொட்டை மாறவில்லை.

"மொட்டை எதுக்கு டாக்டர்?"

"பேனுக்கா இருக்கும். பழைய வழக்கம்லா."

முன்னவர் விட்டுச்சென்ற தடித்த புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. "செத்த புத்தகங்க" என்று இவர் அவற்றை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். தம்முடைய புத்தகப்பெட்டி ரயிலில் வரவேண்டியிருந்தது. அந்த மழைக்காலத்தில் சிகாமட்டில் ஆறு பெருகித் தண்டவாளம் மூழ்கியது. பெட்டி வடக்கே எங்கோ நின்றுவிட்டது. மாலைகளில் படிக்க ஏதுமில்லாமல் மேல்தட்டில் கை வைத்தார்.

ஒரு காலை புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி வார்டுக்கு வந்து என்னை அழைத்தார். பித்து என்பது மூளையில் ஏறிய சூடு. தலையை மழித்துக் குளிர்ந்த நீர் ஊற்றினால் சூடு இறங்கும் என்றது அந்த அத்தியாயம். அந்தக் கொள்கையை மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டிருந்தது. எங்கள் வார்டிலும் தண்ணீர் ஊற்றுவது நின்றுபோயிருந்தது. கத்தி மட்டும் நிற்கவில்லை.

"இது சுத்தத்துக்கு இல்ல, வைத்தியம்," என்றார். "யாரும் நம்பாத வைத்தியம். நானும் பண்ணிக்கிட்டிருக்கேன். அந்த வேண்டுதல்காரருக்குப் பேன் இருக்கா?"

"இருந்ததே இல்ல, டாக்டர்."

நாவிதரிடம் அந்த ஒரு தலையை விடச் சொன்னார். முடி காதை மூடியது, பிறகு கழுத்தைத் தொட்டது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. அவரும் யாரையும் கடிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினார்.

பின்னாளில் பத்திரிகை வேலைக்குப் போனேன். மனவியல் மாணவர்கள் சிலர் அங்கே வந்து, தோற்றுப்போன கொள்கைகளின் வரலாறு எங்களுக்கு எதற்கு என்று வாதிடுவார்கள். தோற்றது தோற்ற இடத்தில் கிடப்பதில்லை. காரணத்தை இழந்த பிறகும் விதியாக, வழக்கமாக, வேலையாளின் கைப்பழக்கமாக அது வார்டுக்குள் நடமாடுகிறது. புதிய புத்தகம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய புத்தகத்தைப் படித்தவருக்குத்தான் அது அடையாளம் தெரியும். அந்த டாக்டருக்கும் வெள்ளத்தால்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட காலையில் அந்த நோயாளி முடியை இழுத்துக் கட்டியிருந்தார். "சாப்டீங்களா கிராணி?"

"இனிமேதான்."

"நேரத்துக்குச் சாப்டுங்க."

அடுத்த மாதம் நாவிதர் வந்தார். மற்றவர்களுக்கு மொட்டை தொடர்ந்தது. அவர்கள் யாரும் எதிர்க்கவில்லை. வார்டு அமைதியாக இருந்தது. மதியம் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சோறு வடித்தேன். அன்றைக்கு யாரும் என்னைப் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை.