கூரை தொடாத சுவர்

மாமனார் இறந்தபின் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மாமியார் அண்ணனூரில் எங்களோடு வந்து சேர்ந்தார். அவருக்கென்று ஓர் அறை வேண்டும். ஹாலின் பின்பாதியைத் தடுக்கலாம் என்று முடிவானது. ஆனால் ஜன்னல் இருப்பதோ தெருப்பக்கம் மட்டும்.

“மேல வரைக்கும் கட்டிட்டா நான் இருட்டுலதான் கிடக்கணும். கதவு உயரத்துக்குச் சுவர் போதும். வீட்டுக்கு யார் வர்றாங்கன்னும் காதுல விழும்” என்றார்.

எனக்கு முழுச் சுவர்தான் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் நான். அவர் ஜெபத்தை வாய்விட்டுத்தான் சொல்வார். அதைச் சொல்ல முடியாமல் தலையாட்டினேன்.

“ஒரு படம் போட்டுடேன், மேஸ்திரிக்குக் காட்டலாம்” என்றார் கணவர். இரண்டு கோடு இழுக்கிற வேலை என்ற நினைப்பு அவருக்கு.

வீடு வரைகிற இலவச மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றினேன். ஹால் சட்டென்று வந்துவிட்டது. நடுவில் ஒரு சுவர் இழுத்து, அதன் உயரத்தை ஏழடியாகக் குறைத்தேன். வீட்டுச் சுவர்கள் எல்லாமே ஏழடிக்கு இறங்கின. திரும்ப ஏற்றி, அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைத்தேன். கதவை வைத்தேன். நிலை சுவருக்கு மேலே நான்கு விரற்கடை துருத்திக்கொண்டு நின்றது. கதவைக் குட்டையாக்கினால் அகலமும் கூடவே குறைந்து, கோழிக்கூண்டுக் கதவு மாதிரி ஆனது. சரி, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டுச் சுவராகப் போட்டு, இடையில் கதவை நிறுத்தலாம் என்று பார்த்தேன். சுவர் இல்லாத இடத்தில் கதவு நிற்காதாம். அது தாவிப் போய்த் தெருச்சுவரில் ஒட்டிக்கொண்டது. திறந்தால் நேராகச் சாக்கடை.

அந்த நேரம் பார்த்து மாமியார் பின்னால் வந்து நின்றார்.

“என் கட்டில் எங்கம்மா?”

“இன்னும் கதவே நிக்கல அத்தை.”

“கதவு கிடக்கட்டும். கட்டிலப் போடு, பாப்போம்.”

போட்டேன். பச்சை மெத்தையோடு ஒரு கட்டில் வந்தது. அவருக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. நிறம் மாற்றுவதில் ஒரு மாலை போயிற்று.

கடைசியில் கணவர்தான், “சுவர எட்டடியா ஆக்கேன், கதவு அடங்கிடும்ல?” என்றார். ஆக்கினேன். அடங்கிவிட்டது. “கதவு உயரத்துக்கு” என்று மாமியார் சொன்ன வார்த்தையையே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். எரிச்சலில் லேப்டாப்பை அறைந்து மூடினேன். கணவர் சத்தமில்லாமல் டீ போடப் போனார்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இன்னாமா, மேல கட் ஆயிகீது? படம் முழுசா வர்லியா?”

“முழுசாத்தான் இருக்கு. எட்டடியோட நிறுத்திடணும். மேல திறந்தாப்ல.”

“கதவு வச்சி மேல தொறந்து வுடுவாங்களா? சரி சரி, நீ சொல்ட்ட இல்ல, கட்டிட்றேன்.”

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு மூவரும் போனோம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் சுவர் கூரையைத் தொட்டிருந்தது. பின்பாதி கிடங்கு மாதிரி இருண்டு கிடந்தது. மாமியார் பட்டுப்புடவையோடு அதற்குள் போய் நின்றார்.

நான் ஆசைப்பட்ட சுவர்தான் அது. ஆனாலும் கத்தினேன்.

“எட்டடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! படம் எதுக்குக் குடுத்தேன்?”

“ஊடுன்னா சொவுரு மேல வரிக்கும் இருக்கணும்மா. பாதில வுட்டா பாக்கறவன் என்னத்தான் திட்டுவான்.”

“இருட்டுல இருக்கப் போறது பாக்கறவன் இல்ல, எங்க அத்தை. இப்பவே இடிங்க!”

சிமெண்ட் இறுகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏறி, மேல் வரிசைச் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். சோபா, டிவி, கல்யாணத்துக்குக் கட்டிப்போன என் புடவை எல்லாவற்றிலும் தூசி. ஜன்னல் வெளிச்சம் மெல்ல உள்ளே இறங்கியது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“இவ்வளவு நல்லா வரையறியே” என்றார். “பாரிவாக்கத்துல என் தங்கச்சி வீடு கட்டறா. நீ போட்டுத் தருவேன்னு மண்டபத்துலயே சொல்லிட்டேன்.”