எடை பார்க்க வந்தவள்

செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தில் காவலுக்கு இருந்த நேபாளியின் மனைவி அவள். இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இடுப்பில் ஒரு மெலிந்த பெண் குழந்தை. அங்கன்வாடிக்குள் நுழையும் முன், வாசலிலேயே நின்று பாட்டில் தண்ணீரால் அதன் முகத்தையும் கால்களையும் கழுவிவிடுவாள். நான் பார்த்தபோதெல்லாம் அப்படித்தான்.

அன்று நானும் என் மகளோடு உள்ளே இருந்தேன். அவள், "சத்துமாவு வேணாம் டீச்சர். எடை மட்டும் பாத்து சொல்லு," என்று கேட்டாள்.

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "தராசு ரிப்பேரும்மா. ஆதார் எடுத்துக்கினு வா, அப்புறம் பாக்கலாம்."

அவள் வெளியே போனதும் அதே தராசில் என் மகளை உட்காரவைத்தார். "பதினோரு கிலோ. நல்லா இருக்குதும்மா," என்று சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் அவள் நின்றிருந்தாள். "உன் பாப்பா எத்தனை வயசு அக்கா?"

"ரெண்டு."

"என் பாப்பாவும் ரெண்டு."

என் மகளை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டாள். மறு கையில் அவள் குழந்தை. இரண்டு கைகளையும் லேசாக உயர்த்தித் தாழ்த்திப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

மகளைத் திருப்பித் தந்துவிட்டு எனக்கு நன்றி சொன்னாள். எதற்கென்று கேட்க எனக்கு முகமில்லை.