ஊசியைத் தொடாத மெக்கானிக்

பேனர் அடிக்கும் பெரிய பிரிண்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. கடைக்காரர்களுக்கு அவர் 'மெக்கானிக் அண்ணன்'. ஆள் நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அதிலும் அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் பொரிந்து தள்ளிவிடுவார். அந்த ஆளுக்கு 'ஊசிக்காரன்' என்று பட்டப்பெயர் வைத்ததே இவர்தான். மையைத் தெளிக்கும் 'ஹெட்' அடைத்துக்கொண்டால், ஊசிக்குழாயில் திரவத்தை ஏற்றி உள்ளே அழுத்துவது ஊசிக்காரனின் வழக்கம். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்து ஹெட் செத்துப்போகும்.

"அவன் மெக்கானிக்கா, கொலைகாரனா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். இத்தனை வருடத்தில் தான் ஊசியைத் தொட்டதில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு தலைக்கனம்.

கொஞ்ச நாளாக வீட்டில் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "கண்ணக் காட்டிட்டு வாங்களேன்," என்று மனைவி நச்சரித்தாள். வயதானால் அப்படித்தான் என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அன்று காலையில் அவரைக் கூப்பிட்டவள், ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் ஒரு பெண். கடையில் இருப்பதே ஒரு மெஷின்தான். அது படுத்தால் அவளும் படுக்க வேண்டியதுதான். பேனரில் நீல வானம் முழுக்க வெள்ளைக் கீறல்.

டெஸ்ட் பிரிண்ட் எடுத்தார். ஒவ்வொரு நிறத்திலும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் விழும். எந்தத் துளை அடைத்திருக்கிறதோ அந்தக் கோடு மட்டும் விழாது. எப்போதும் போல இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நீலத்தில் சில கோடுகள் இல்லை. ஹெட் வந்து உட்காரும் மூடியில் மை காய்ந்து கட்டியாகியிருந்தது. சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். நீலம் வந்துவிட்டது. ஆனால் கறுப்பில் நடுவே ஓட்டை. இன்னொன்று எடுத்தார். இப்போது சிவப்பில்.

ஓட்டை இடம் மாறினால் அது அடைப்பில்லை, மை வரும் வழியில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. குழாய்களை இறுக்கினார், வடிகட்டிகளை மாற்றினார். ஓட்டை போகவில்லை.

"அண்ணே, எனக்கு எல்லாக் கோடும் இருக்கற மாதிரிதான் தெரியுது."

"உனக்குத் தெரியும்னா நீயே சரி பண்ணியிருக்க வேண்டியதுதானே? என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

அவள் தாளை மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மதியம் தாண்டியது. ஒரு பிசாத்து மெஷின் தன்னை இந்தப் பாடு படுத்துகிறதே என்று அவருக்குத் தலைக்கு மேல் கோபம். அவள் மை அளக்க வைத்திருந்த ஊசிக்குழாய் மேஜையில் கிடந்தது. ஒரே ஒரு தடவைதான், மெதுவாகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதை எடுத்தார். திரவத்தை ஏற்றி ஹெட்டுக்குள் அழுத்தினார். கட்டைவிரலுக்கடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது.

அடுத்த டெஸ்ட் பிரிண்ட்டில் எல்லா நிறமும் ஒன்றோடொன்று கலந்து சேறாக வந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

ஊசிக்குழாயைக் கீழே வைத்தார். பிறகு காலையில் சிவப்பில் ஓட்டை தெரிந்த தாளை எடுத்து, வலது கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, அதைத் தலைகீழாகத் திருப்பினார். தாளில் ஓட்டை இருந்தால் அதுவும் கூடவே திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. பார்க்கிற இடத்திலேயே நின்றது. கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றினார். கோடுகள் அத்தனையும் இருந்தன, ஒன்றுகூட நேராக இல்லை. அந்தக் கண்ணுக்கு எல்லாம் நெளிந்து தெரிந்தன. இடது கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரில் நின்றவளுக்குத் தலைமுடி இருந்தது, காது இருந்தது. முகம் இல்லை.

மெஷினில் இல்லை, ஓட்டை அவர் கண்ணில்தான். பயம் ஒரு பக்கம், அதைவிட வெட்கம். ஹெட் பழசு, அதான் போய்விட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"கோடெல்லாம் இருந்துச்சும்மா. நீ சொன்னதுதான் சரி. நல்லா இருந்த ஹெட்ட நான்தான் கொன்னுட்டேன்."

அவள் மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப நான் என்னண்ணே பண்றது?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

போனை எடுத்துத் தேடிப் பார்த்தார், எழுத்துக்கள் பிடிபடவில்லை. அவளிடமே நீட்டி, யாரைத் தேட வேண்டும் என்று சொன்னார்.

"ஊசிக்காரனா? அந்த ஆளு ஹெட்டக் கொன்னுடுவான்னு நீங்கதானேண்ணே சொல்லுவீங்க?"

"இனிமே கொல்றதுக்கு அதுல என்னம்மா இருக்கு? புதுசுதான் மாட்டணும். அவனுக்குக் கண்ணு தெரியும். கூப்பிடு."