இன்னும் வராதவளின் வீடு

தையல்காரிக்கு இடது கைப் பழக்கம், ஆளும் குள்ளம். வேலை பார்க்கும் கடையில் அவளுக்கென்று தனிக் கத்தரி, தனி முக்காலி. நாற்பத்திரண்டு வயதில், கணவனோடு சேர்ந்து முதன்முதலாக ஒரு வீடு வாங்கினாள். அறுபது வருஷத்துப் பழைய வீடு. அதனால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியானது.

மிச்சமிருந்த காசில் எல்லாவற்றையும் புதுசாக்க முடியாது. தரையை அப்படியே விட்டார்கள். கதவுகளைச் சுரண்டி அவளே வர்ணம் அடித்தாள். யாரோ கழற்றிப் போட்ட தொட்டி சமையலறைக்கு வந்தது. வீட்டில் வயரிங்கே இல்லை, அதை மட்டும் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். அதற்கு எலக்ட்ரீஷியன் தம்பி இருந்தான். லீவு நாளில் வந்து கூலி வாங்காமல் செய்தான்.

"எங்க வேணுமோ அங்க கோடு போடுக்கா. உன் பீச்சாங்கைக்குத் தோதா இருக்கட்டும்."

வாசல் கதவுக்கு இடப்புறம், தன் நெஞ்சுயரத்தில் பென்சிலால் கட்டம் போட்டாள். தம்பி உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே சுவிட்சுக்காகப் பதித்த பழைய மரப்பெட்டி, கட்டத்துக்குள் கச்சிதமாக.

"அட, பாதி வேலை மிச்சம்!" என்று சிரித்தான்.

சமையலறையிலும் அப்படியே. படுக்கையறையிலும் அப்படியே. அப்புறம் அவன் சிரிக்கவில்லை. தையல் மெஷினுக்காக ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் அவள் போட்ட கட்டத்தை வெகுநேரம் பார்த்தான். "இங்க எவனும் வச்சிருக்க மாட்டான்" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு தட்டினான். அங்கேயும் இருந்தது. எந்தப் பெட்டியிலும் வயர் நுழைந்த தடமே இல்லை.

அவள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். "முன்னாடி இங்க யாருங்க குடியிருந்தாங்க?"

"யாருமே இல்லம்மா. நான் ஸ்கூல் படிக்கிறப்ப கட்டின வீடு. கட்டினவரு தனி ஆளு. 'சுவிட்சுப் பெட்டியக் கீழ வைங்க, அவளுக்கு எட்டாது'ன்னு கொத்தனாருகிட்ட சொல்லிட்டே இருப்பாரு. எவளுக்குன்னு கேட்டா, 'இன்னும் வரல'ம்பாரு. வருஷம் ஓடிச்சு. ஒருநாள் எல்லாத்தையும் பூசி மூடிட்டு, வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாரு. அவரு சொந்தக்காரங்கதான் இப்ப உங்களுக்கு வித்தது."

கணவனுக்கு இதைக் கேட்டதும் சந்தோஷமே. "நல்லதாப் போச்சு. உனக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

"அளவெடுக்கணும்னா ஆளு எதிர்ல நிக்கணுங்க" என்றாள் அவள்.

பெட்டிகளை எல்லாம் திரும்பப் பூசச் சொன்னாள். வேலை இரட்டிப்பாயிற்று, தம்பி முணுமுணுக்காமல் செய்தான். புது சுவிட்சுகள் வலப்புறத்தில், கணவனின் தலையுயரத்தில் ஏறின. அவள் எக்கித்தான் போட வேண்டும். இறக்கி வைக்கட்டுமா என்று கணவன் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்பாள்.

கடையிலிருந்து களைத்து வரும் சில மாலைகளில், யோசிக்காமல் இடது கை சுவரைத் தொட்டுவிடும். பூசி மூடிய அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும், யாரோ அப்போதுதான் கை எடுத்ததுபோல. சட்டென்று இழுத்துக்கொண்டு, வலப்பக்கம் எக்குவாள்.